பதில் வராத விண்ணப்பம்: ஆசிரியர் தேர்வுக் குழுக்களில் அமர்வோருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு ஆகியவற்றை முடிவு செய்யும் குழுக்களில் அமரும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

1974-இல் அனுப்பப்பட்ட ஒரு விண்ணப்பத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அனுப்பியவர் வானியலாளர் பியாட்ரிஸ் டின்ஸ்லி. அப்போது அவருக்கு வயது 33. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் வானியல் துறை ஒன்றைத் தொடங்க நினைத்தார்கள். அதற்குத் திட்டம் வகுத்துத் தரும்படி அவரிடமே கேட்டார்கள். அவரும் வகுத்துக் கொடுத்தார். அப்புறம் அந்தத் துறைக்குத் தலைவராக விண்ணப்பித்தார். பதில் வரவில்லை. முடியாது என்று கூட யாரும் எழுதவில்லை.

அதே ஆண்டில்தான் அவருக்கு, வானியலில் பெண் ஆய்வாளர்களுக்குத் தரப்படும் ஆனி கேனன் விருது கிடைத்தது. பேரண்டம் என்றென்றும் விரிந்துகொண்டே போகுமா என்ற கேள்விக்கு அன்று கையில் இருந்த சான்றுகளையெல்லாம் திரட்டி விடை சொன்ன புகழ்பெற்ற கட்டுரையில், நான்கு ஆசிரியர்களில் ஒருவராக அவர் பெயரும் அந்த ஆண்டில்தான் அச்சானது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, விண்மீன் மண்டலங்கள் (கேலக்சிகள்) எப்படி வளர்ந்து மாறுகின்றன என்பதைக் கணினியில் கணக்காகப் போட்டுக் காட்டி முனைவர் பட்டத்துக்கான ஆய்வை முடித்திருந்தார். இன்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி படம்பிடிக்கும் ஒரு தொலைதூர மண்டலத்துக்கு 'இதன் நிறை இவ்வளவு, இதிலுள்ள விண்மீன்களின் வயது இவ்வளவு' என்று ஒருவர் சொன்னால், அந்த எண் டின்ஸ்லி போட்ட பாதை வழியாகத்தான் வருகிறது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கல்லூரியில் 26 ஆண்டுகளாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெளி வல்லுநர் என்ற பெயரில் சில தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு குழுவில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு இடத்துக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். மேசையில் மதிப்பெண் தாள். கட்டுரைகள் எத்தனை, வந்த இதழ்களின் தரக் குறியீடு என்ன, மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், பணி அனுபவம் எத்தனை ஆண்டு என்று கட்டம் கட்டமாக இருந்தது. வந்தவர்களில் ஒரு பெண்மணி, கணவருக்கு மாற்றலான ஊரில் நான்கு ஆண்டுகள் வேலையில்லாமல் இருந்தவர். மொத்தம் ஏழு கட்டுரைகள். அவற்றில் ஒன்று, பலரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திவந்த ஓர் அளவீட்டு முறையில் இருக்கும் பிழையை எடுத்துக்காட்டுவது. முந்தின நாள் இரவு அதைப் படித்திருந்தேன். நல்ல கட்டுரை, அந்தப் பதினான்கு பேரின் பட்டியல்களிலும் அதற்கு ஈடாக ஒன்று இல்லை. ஆனால் தாளில் அதற்கு ஒரே ஒரு கட்டுரைக்கு உரிய மதிப்பெண்தான் இருந்தது. வேலையில்லாத நான்கு ஆண்டுகளுக்கு எதுவுமில்லை. ஏழெட்டு நிமிடங்களில் அவருடைய நேர்காணல் முடிந்தது. நான் வாய் திறக்கவில்லை. கூட்டல் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் வெளியே வரும்போது அவர் வாசலில் நின்றிருந்தார். "சார், ரிசல்ட் எப்போ சொல்வாங்க?" என்று கேட்டார். "லெட்டர் வரும்மா" என்றேன். தேர்வாகாதவர்களுக்கு அந்த அலுவலகம் கடிதம் அனுப்புவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து டின்ஸ்லியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த வாசல் நினைவுக்கு வருகிறது.

அவர் 1941-இல் இங்கிலாந்தில் செஸ்டர் நகரில் பிறந்தவர். போர் முடிந்ததும் குடும்பம் நியூசிலாந்துக்குப் போனது. நியூ பிளிமத் ஊரில் பள்ளிப் படிப்பு, பிறகு கிறைஸ்ட்சர்ச்சில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இயற்பியல். வயலின் நன்றாக வாசிப்பார். உடன் படித்த இயற்பியலாளர் ஒருவரை 1961-இல் மணந்தார். அவர் அங்கே வேலை பார்த்ததால், கணவர் இருக்கும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை கிடையாது என்றாகிவிட்டது. 1963-இல் கணவருக்கு டாலஸில் புதிதாகத் தொடங்கியிருந்த ஓர் ஆய்வு மையத்தில் வேலை கிடைக்க, இருவரும் அமெரிக்கா போனார்கள். அந்த மையம்தான் பின்னாளில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகமானது. அங்கேயும் பியாட்ரிஸுக்கு முறையான இடம் இல்லை. 1964-இல் ஆஸ்டினில் முனைவர் படிப்பில் சேர்ந்தார். டாலஸுக்கும் ஆஸ்டினுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். போய்ப் போய் வந்து, இரண்டரை ஆண்டுகளுக்குள் ஆய்வை முடித்துவிட்டார்.

அந்த ஆய்வு எதைப் பற்றியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் மதிப்பெண் தாளில் ஏன் அது பிடிபடாது என்பது அதில்தான் இருக்கிறது.

அன்றைய அண்டவியலில் பெரிய பெயர் ஆலன் சாண்டேஜ். பேரண்டம் விரிகிறது என்பதற்குச் சான்று தந்த எட்வின் ஹபிளின் வேலையைத் தோளில் ஏற்றுத் தொடர்ந்தவர். கலிஃபோர்னியாவில் பாலமார் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைநோக்கியில் எத்தனையோ இரவுகளைக் கழித்தவர். அண்டவியல் என்பதே இரண்டு எண்களைத் தேடும் வேலை என்று 1970-இல் எழுதினார். பேரண்டம் இப்போது என்ன வேகத்தில் விரிகிறது என்பது ஒரு எண். அந்த விரிவு எவ்வளவு தணிந்துகொண்டு வருகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், விரிவு ஒருநாள் நின்று அண்டம் திரும்பச் சுருங்கும். சிறிதாக இருந்தால் விரிந்துகொண்டே போகும்.

அதை அளக்க அவர் நம்பியது, மண்டலக் கூட்டங்களின் நடுவே இருக்கும் பெரிய நீள்வட்ட மண்டலங்களை. நீண்ட சாலையில் வரிசையாகத் தெருவிளக்குகள் எரிகின்றன. எல்லாம் ஒரே வாட்ஸ் என்று தெரிந்தால், மங்கலாகத் தெரிகிற விளக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். அந்த மண்டலங்களும் அப்படி ஒரே அளவு வெளிச்சம் தருபவை என்று சாண்டேஜ் எடுத்துக்கொண்டார். வயதாவதால் கொஞ்சம் மாற்றம் இருக்கலாம், ஆனால் அது கணக்கைக் கெடுக்கிற அளவுக்குப் பெரிதில்லை என்று நினைத்தார்.

டின்ஸ்லி அந்த 'ஒரே வாட்ஸ்' என்ற இடத்தில் கை வைத்தார். தொலைவிலுள்ள மண்டலத்திலிருந்து வரும் ஒளி பழைய ஒளி. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. நாம் பார்ப்பது அந்த மண்டலத்தின் இளமைக் காலத்தை. இளமையில் அது எப்படி இருந்தது என்று தெரியாமல், அதை அளவுகோலாக எப்படி வைக்க முடியும்?

கேள்வி கேட்பது எளிது. அதற்கு அவர் விடை தேடிய விதம்தான் புதிது. ஒரு மண்டலத்தை அவர் ஒரு ஊரைப் போலக் கணக்கெடுத்தார். ஊருக்குப் பிறப்பு இறப்புப் பதிவேடு இருப்பதுபோல மண்டலத்துக்கும் ஒன்று. ஒவ்வொரு காலகட்டத்திலும் எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன, பிறப்பவற்றில் கனமானவை எத்தனை, சிறியவை எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் வாழும், வாழும்போது என்ன நிறத்தில் எவ்வளவு ஒளி தரும், சாகும்போது எவ்வளவு வாயுவையும் புதிய தனிமங்களையும் திருப்பித் தரும். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள் எரியும். அதைப்போல பத்து மடங்கு கனமானது இரண்டு, மூன்று கோடி ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். கனமானவை நீலமாகவும் மிகப் பிரகாசமாகவும் இருக்கும். முதலில் போய்ச்சேருவதும் அவைதான். ஆகவே புதுப் பிறப்பு நின்றுவிட்ட ஒரு மண்டலம் ஆண்டுகள் ஆக ஆகச் சிவந்து, மங்கிக்கொண்டே வரும். இந்தத் துண்டுகள் தனித்தனியே முன்பே இருந்தன. விண்மீன்கள் எந்தெந்த நிறையில் எத்தனை பிறக்கின்றன என்பதை எட்வின் சால்பீட்டர் 1955-இலேயே மதிப்பிட்டிருந்தார். தனி விண்மீனின் வாழ்க்கையைக் கணக்கிடுபவர்களும் பலர் இருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் ஏற்றி, ஒரு முழு மண்டலத்தின் வரலாற்றைப் படிப்படியாக ஓட்டிப் பார்த்து, இன்று அது என்ன நிறத்தில், என்ன பிரகாசத்தில், எவ்வளவு வாயு மிச்சத்தோடு இருக்க வேண்டும் என்று சொன்னவர் அவர். 1968-இல் அது ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலில் வந்தது.

விளைவு சாண்டேஜின் திட்டத்துக்குச் சாதகமாக இல்லை. மண்டலங்கள் இளமையில் கணிசமாகப் பிரகாசமாக இருந்திருக்கின்றன. அந்த மாற்றத்துக்காகச் செய்ய வேண்டிய திருத்தம், அளக்க நினைத்த இரண்டாவது எண்ணின் அளவுக்கே பெரியதாக இருந்தது. எடைபோட வைத்திருக்கும் தராசுத் தட்டே பொருளின் எடைக்குச் சமமாகக் கனக்கிறது என்றால், பொருளைப் பற்றி என்ன சொல்ல முடியும்? சாண்டேஜ் ஒப்புக்கொள்ளவில்லை. வாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு பக்கம் உலகின் மிகப்பெரிய தொலைநோக்கியும் இருபது ஆண்டுப் புகழும். மறுபக்கம் நிரந்தர வேலைகூட இல்லாத, தத்தெடுத்த இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண். அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு முறையும் இன்னும் நுட்பமாக்கி, வெளியிட்டுக்கொண்டே இருந்தார்.

அன்பான பேராசிரியர்களே, இந்த வேலையை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? அவர் புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாரும் நம்பியிருந்த ஓர் அளவுகோல் வளைந்திருக்கிறது என்று காட்டினார். அப்படிக் காட்டிய பிறகு மற்றவர்கள் அந்த அளவுகோலைக் கைவிடுவார்கள். கைவிட்ட பின் அதைப் பற்றி எழுதுவதையும் விட்டுவிடுவார்கள். பின்னாளில் வேறொரு நம்பகமான விளக்கைத் தேடிப் போனார்கள்; ஒருவகை சூப்பர்நோவாக்கள், அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்கள், கிடைத்தன. 1998-இல் இரண்டு குழுக்கள் அவற்றை வைத்து அளந்தபோது, விரிவு இப்போது தணியவில்லை, வேகமெடுக்கிறது என்று தெரிந்தது. 2011-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. நீள்வட்ட மண்டலங்களை நம்பியிருக்க முடியாது என்ற தெளிவு அந்தப் பயணத்தின் முதல் மைல்கல். மைல்கல்லைத் தாண்டிப் போகிறவர்கள் அதை மேற்கோள் காட்டுவதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1975-இல் வானியலாளர் ஜேம்ஸ் கன்னும் டின்ஸ்லியும் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். 'முடுகும் பேரண்டம்', அதாவது வேகமெடுக்கும் பேரண்டம், என்பதுதான் தலைப்பு. அன்று கிடைத்த தரவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால், ஐன்ஸ்டைன் தம் சமன்பாட்டில் சேர்த்துப் பின் கைவிட்ட அண்டவியல் மாறிலியை, அதாவது விரிவை வேகப்படுத்தக்கூடிய ஓர் எண்ணை, திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்றார்கள். தரவுகள் எங்கெங்கே பிசகலாம் என்பதையும் அதே கட்டுரையில் தாங்களே வரிசையாக எடுத்து வைத்தார்கள். அவர்கள் பயந்தபடியே, பெரிய மண்டலங்கள் அண்டையிலுள்ள சிறியவற்றை விழுங்கிப் பிரகாசம் கூட்டிக்கொள்ளும் என்று வேறு இருவர் அதே ஆண்டில் காட்டியதும் கணக்கு மறுபடி ஆடிப்போனது. ஆகவே 1998-ஐ அவர்கள் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது அவர்களுடைய நேர்மைக்கே செய்யும் குறையாகும். சான்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய் நின்று, நிற்கிற தரையின் பலவீனத்தையும் தாமே சொல்கிறவர்கள் அவர்கள். அந்தக் குணத்துக்கு உங்கள் தாளில் கட்டம் உண்டா?

சரி, 1974-க்கு வருகிறேன். பதில் வராத பிறகு அவர் டாலஸில் இருக்கவில்லை. திருமணம் முறிந்தது. குழந்தைகள் தந்தையிடம் வளர, அவர் முதலில் கலிஃபோர்னியாவில் லிக் வானாய்வகத்துக்கும், 1975-இல் யேல் பல்கலைக்கழகத்துக்கும் போனார். அந்தப் பிரிவின் வலியை வெளியிலிருந்து அளக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அப்படி ஒரு விலையைக் கொடுத்தால்தான் வேலை செய்யலாம் என்ற நிலைக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தியதில், வேலை கொடுக்கும் இடத்தில் இருந்தவர்களின் மௌனத்துக்குப் பங்கு உண்டு. கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு விதி, டாலஸில் ஒரு மௌனம். இரண்டுமே அவருடைய அறிவியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யேல் அவரை அடையாளம் கண்டுகொண்டது. 1978-இல் பேராசிரியரானார், அங்கே வானியலில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். முழுநேர வேலையும், பேச நல்ல சக ஆய்வாளர்களும் கிடைத்ததும் என்ன நடந்தது என்று பாருங்கள். 1977-இல் சக வானியலாளர் ரிச்சர்ட் லார்சனோடு சேர்ந்து யேலில் மண்டலங்களின் பரிணாமம் பற்றி ஒரு மாநாட்டைக் கூட்டினார். நீள்வட்ட மண்டலங்களே சுருள் மண்டலங்கள் மோதி ஒன்றானதால் உருவானவையாக இருக்கலாம் என்று ஆலர் டூம்ரே முன்வைத்தது அந்த மாநாட்டில்தான். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள், கணினியில் கணக்குப் போடுபவர்கள், தனி விண்மீன்களை ஆராய்பவர்கள் என்று தனித்தனித் திண்ணையில் இருந்தவர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்த கூட்டம் அது. மாநாடு நடத்தியதற்கு உங்கள் தாளில் இரண்டு மதிப்பெண் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டே லார்சனும் அவரும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். ஒழுங்கான மண்டலங்களின் நிறங்களையும், வால் முளைத்து, உருக்குலைந்து, விநோதமாகத் தெரியும் மண்டலங்களின் நிறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒழுங்கானவை ஒரு கோட்டில் ஒட்டி நிற்க, விநோதமானவை அங்குமிங்கும் சிதறிக் கிடந்தன. மோதல் நடந்த மண்டலங்களில் சில கோடி ஆண்டுகளுக்குள் விண்மீன்கள் திடீரென்று கொத்துக்கொத்தாகப் பிறந்தால் அந்தச் சிதறல் அப்படியே கிடைக்கும் என்று காட்டினார்கள். புதிய தொலைநோக்கி எதுவும் தேவைப்படவில்லை. அட்டவணைகளில் எல்லாருடைய கண்ணெதிரிலும் கிடந்த எண்கள்தான். மண்டலங்களின் மோதலும் விண்மீன் பிறப்பும் சேர்ந்தே வருபவை என்று இன்று பாடப்புத்தகத்தில் சாதாரணமாக எழுதுகிறோமே, அது அங்கிருந்து வருவது.

1979-இல் இன்னொன்று. பழைய விண்மீன்களில் இரும்பை விட ஆக்சிஜன் விகிதம் கூடுதலாக இருப்பது ஏன்? ஆக்சிஜனைத் தருபவை விரைவில் வெடிக்கும் கனமான விண்மீன்கள். இரும்பில் பெரும்பங்கைத் தருபவை நெடுங்காலம் காத்திருந்து வெடிக்கும் வேறொரு வகை. முதலாவது உடனே வரவில் ஏறிவிடும், இரண்டாவது தாமதமாக வரும். அந்த இடைவெளியில் பிறந்த விண்மீன்களுக்கு இரும்பு குறைவாகத்தான் கிடைத்திருக்கும் என்று விளக்கினார். ஒரு விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது பிறந்த காலத்தில் அதன் மண்டலம் எவ்வளவு வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது என்று இன்று படிக்க முடிவதற்கு இந்தத் தாமதக் கணக்குதான் திறவுகோல். எனக்கு அவருடைய வேலைகளிலேயே மிகவும் பிடித்தது இது. வகுப்பில் இதைச் சொல்லும்போது, நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பில் பெரும்பங்கும் இப்படித் தாமதமாக வந்துசேர்ந்த வரவுதான் என்று சேர்த்துச் சொல்வேன். பின்வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

1980-இல் இந்தத் துறை முழுவதையும் ஒரே நெடிய கட்டுரையாக எழுதிவைத்தார். புதிதாக ஆய்வுக்கு வரும் மாணவர்களிடம் அதைப் படிக்கச் சொல்பவர்கள் இன்றும் உண்டு.

அவருக்குத் தோல் புற்றுநோய் இருப்பது 1978-இல், பேராசிரியரான அதே ஆண்டில், தெரியவந்தது. நான் மேலே சொன்ன கடைசி வேலைகள் எல்லாம் நோயோடு செய்தவை. 1981 மார்ச் 23-இல் இறந்தார். வயது 40. இறப்பதற்குப் பத்து நாள் முன்பு ஒரு கட்டுரையை இதழுக்கு அனுப்பியிருந்தார். எந்தத் திருத்தமும் இல்லாமல் அது அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது.

அவருக்குப் பின் அவருடைய பேரேடு நின்றுவிடவில்லை. விண்மீன் கணக்குகள் நுட்பமாக நுட்பமாக, ஒவ்வொரு பத்தாண்டிலும் யாராவது அதைப் புதுப்பித்து, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் கணினி நிரலாக்கி வெளியிட்டார்கள். குஸ்தாவோ புருசுவலும் ஸ்டெஃபான் ஷார்லோவும் 2003-இல் வெளியிட்டது அவற்றில் மிகவும் புகழ்பெற்றது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டுகின்றன. அது நியாயம்தான், அவர்களுடைய உழைப்பு பெரியது. ஆனால் அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் டின்ஸ்லியின் பெயர் இருக்காது. கிணற்றை வெட்டியவரின் பெயர் குழாயில் எழுதியிருப்பதில்லை.

2024-இல் வெப் தொலைநோக்கி கண்ட ஒரு மண்டலம், பெருவெடிப்புக்குப் பின் 29 கோடி ஆண்டுகளே ஆன காலத்தைச் சேர்ந்தது என்று சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டில், அண்டத்தின் இளம்பருவத்துக்குப் பொருந்தாத அளவுக்குக் கனமான மண்டலங்கள் இருப்பதாகப் பெரிய பரபரப்பு. யாரும் தராசில் வைத்து அவற்றை நிறுக்கவில்லை. ஒளியின் நிறங்களை வைத்து, எத்தனை விண்மீன்கள் எந்தக் கலவையில் இருந்தால் இந்த நிறம் வரும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். அப்புறம் நடந்த வாதங்களைக் கவனித்தீர்களா? அந்தக் காலத்தில் கனமான விண்மீன்கள் கூடுதலாகப் பிறந்திருக்குமோ, பிறப்பு சீராக நடக்காமல் கொத்துக்கொத்தாக நடந்திருக்குமோ, ஒளியில் ஒரு பங்கு விண்மீன்களுடையதே இல்லாமல் நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி வருவதோ என்றெல்லாம் பேசினார்கள். அவர் பேரேட்டின் எந்தப் பத்தியில் எந்த எண்ணை எழுதுவது என்பதுதான் அந்தச் சண்டை. பேரேடே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

இதைத்தான் ஓர் ஆய்வாளரின் தாக்கம் என்கிறேன். மற்றவர்கள் கேள்வி கேட்கும் விதத்தையே மாற்றிவிட்டு, பிறகு அவர்களுடைய பழக்கத்துக்குள் கரைந்துபோவது. எண்ணினால் கிடைப்பது அதன் ஒரு பகுதிதான், அதுவும் காலம் கடந்து. டின்ஸ்லியின் காலத்தில் இருந்தவர்களுக்கு இந்த எண்களும் இவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் கட்டுரைதான். அதைப் படித்தவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்திருந்தது, யேல் அதற்குச் சாட்சி. ஆகவே 'அந்தக் காலத்தில் எப்படித் தெரியும்?' என்று டாலஸுக்காக வாதாட முடியாது. நமக்காகவும் முடியாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. மதிப்பெண் தாளை ஒரே நாளில் தூக்கிப்போட முடியாது என்று எனக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் சிபாரிசு உள்ளே வரும் என்ற பயமும் நியாயமானதுதான். எண்கள் வேண்டும், ஆனால் எண்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும், தம் வேலையில் தாமே முக்கியமென்று கருதும் இரண்டு கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள். குழுவில் குறைந்தது இருவர் அவற்றை முழுதாகப் படித்துவிட்டு வரட்டும். படித்தவரிடம் தலைவர் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்தக் கட்டுரை வந்த பிறகு வேறு யாராவது தம் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருந்ததா? அந்தக் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால், ஏழு கட்டுரைகளா எழுபதா என்பது அப்புறம்.

இடைவெளி ஆண்டுகளைப் பார்க்கும்போது, அந்த ஆண்டுகளில் அவர் எந்த ஊரில், யாருக்காக, எந்த வசதியும் இல்லாமல் இருந்தார் என்று கேளுங்கள். 1966 முதல் 1974 வரை டின்ஸ்லியின் பயோடேட்டாவைப் பார்த்தால் முறையான பதவி என்று எழுத அதிகம் இருக்காது. பகுதிநேர வேலை, குழந்தைகள், கணவரின் ஊர். நான் மேலே எழுதிய சாண்டேஜ் வாதம் நடந்தது அந்த ஆண்டுகளில்தான்.

கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலைக்கு மனு போட்டால், ஒருவரை எடுத்துவிட்டு மற்றவரைத் தொங்கலில் விடும் வழக்கம் பல இடங்களில் எழுதாத விதியாக இருக்கிறது. இருவரையும் தனித்தனியே அவரவர் வேலைக்காக மதிப்பிடுங்கள். இதற்கு மேல் இதைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை.

அப்புறம் பதில் எழுதுங்கள். தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். காரணத்தோடு, படித்தவர் யாரோ அவர் எழுதிய இரண்டு வரியாவது. உங்கள் கட்டுரையில் இது வலுவாக இருந்தது, இது போதவில்லை, இந்த இடத்துக்கு இன்ன காரணத்தால் வேறொருவரை எடுத்தோம் என்று. பதில் எழுதியாக வேண்டும் என்று தெரிந்தால், படிக்காமல் இருக்க முடியாது. அலுவலகத்துக்கு வேலை கூடும் என்பீர்கள். பதினான்கு கடிதம், ஒரு பிற்பகல்.

அமெரிக்க வானியல் கழகம் டின்ஸ்லி பெயரில் ஒரு பரிசை ஏற்படுத்தி, 1986-இல் முதல் முறையாக அதை வானியலாளர் ஜோசலின் பெல் பர்னலுக்குக் கொடுத்தது. நியூசிலாந்தின் கெப்ளர் மலைகளில் ஒரு சிகரத்துக்கு 2010-இல் அவர் பெயரை வைத்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. கூடவே, அவர் உயிரோடு இருக்கையில் கேட்டது ஒரு நாற்காலியும் ஒரு கடிதமும்தான் என்பதும் நினைவுக்கு வந்தது.

என்னிடம் ரிசல்ட் கேட்ட அந்தப் பெண்மணிக்குச் சென்ற மாதம் கடிதம் எழுதினேன். முகவரி தேடிப் பிடிக்கவே கொஞ்ச நாள் ஆயிற்று. அன்று மதிப்பெண் தாளில் என்ன இருந்தது, அவருடைய எந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன், அது ஏன் நல்ல கட்டுரை, அதைக் குழுவில் நான் ஏன் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. தயங்கினேன், அவ்வளவுதான் என்று எழுதினேன். பதில் வரவில்லை. எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை.

வரும் மாதம் இன்னொரு குழுவுக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். ஆறு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகள் என் மேசையில் இருக்கின்றன. இரண்டு பேருடையதைப் படித்து முடித்துவிட்டேன், நான்கு பேருடையது பாக்கி.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்